புலி வருது... அலாரம் அடிக்குது!

ஆடு மேய்க்கப் போன பையன் "புலி வருது, புலி வருது" என்று விளையாட்டுக்குக் கத்திய கதை எல்லோருக்கும் தெரியும். முதல் இரண்டு தடவை ஊரே கம்பும் தடியுமாக ஓடி வந்தது. மூன்றாவது தடவை நிஜமாகவே புலி வந்தபோது ஒருவரும் வரவில்லை. கதை கேட்ட பிள்ளைகள் எல்லோரும் பையன் மேல்தான் குற்றம் சொல்வார்கள். ஊர்க்காரர்களை யாரும் திட்டுவதில்லை. இரண்டு முறை ஏமாந்தவன் மூன்றாம் முறை போர்வையை இழுத்துப் போர்த்திக்கொள்வது மனித இயல்பு.

இன்றைக்கு அந்தப் பையனின் வேலையை ஒரு வெள்ளை பிளாஸ்டிக் பெட்டி செய்துகொண்டிருக்கிறது. வீட்டில் மாட்டும் திருட்டு அலாரம்தான் அது. ராத்திரி இரண்டு மணிக்குத் திருடன் இல்லாமலே அலறும். வீட்டுக்காரர் எழுந்து எல்லா விளக்கையும் போட்டு, டார்ச் அடித்துக் கொல்லைப்புறம் வரை பார்த்துவிட்டு வருவார். ஒன்றும் இருக்காது. ஒரு வாரம் கழித்து மறுபடியும் அலறும். மூன்றாவது தடவை நேராக பேனலிடம் போய் ஒயரைப் பிடுங்கிவிட்டுத் தூங்கப் போய்விடுவார். அத்தோடு அந்த வீட்டின் பாதுகாப்பு முடிந்தது. வாசலில் ஒட்டிய ஸ்டிக்கர் மட்டும் மிச்சம்!

பொய் அலாரத்தை ஒரு சின்னத் தொல்லை என்று நினைப்பதுதான் இங்கே பெரிய தவறு. பூட்டு உடைந்திருப்பது எப்படி ஒரு பாதுகாப்புக் கோளாறோ, அலாரம் பொய்யாக அடிப்பதும் அப்படித்தான். அதற்குக் காரணம் என்று ஒன்று நிச்சயம் இருக்கும். கொஞ்சம் பொறுமையாகத் தேடினால் பெரும்பாலும் கிடைத்தும் விடும். தேடாமல் ஒயரைப் பிடுங்குகிறவர் தன் வீட்டை மட்டும் கைவிடவில்லை, தெருவில் இருக்கிற மற்ற அலாரங்களின் மதிப்பையும் சேர்த்துக் கெடுக்கிறார்.

அலாரம் யாருக்காக அடிக்கிறது?

கிருஷ்ணன்கோவில், திருமங்கலம் - கொல்லம் தேசிய நெடுஞ்சாலையில் ஸ்ரீவில்லிபுத்தூருக்குச் சற்று முன்னால் இருக்கிற ஊர். 1984-ல் பொறியியல் கல்லூரி வந்த பிறகு சுற்றிலும் வீடுகள் பெருகின. வெளியூர்க்காரர்கள் குடியிருக்கிற வீடு என்றால் செமஸ்டர் லீவு, பொங்கல், தீபாவளிக்கெல்லாம் பூட்டுத்தான் தொங்கும். ஸ்ரீவில்லிபுத்தூரிலும் ராஜபாளையத்திலும் கதை வேறு மாதிரி. பிள்ளைகள் சென்னையிலோ பெங்களூரிலோ வெளிநாட்டிலோ இருப்பார்கள். பெரிய வீட்டில் அப்பாவும் அம்மாவும் தனியாக இருப்பார்கள். அலாரம் வாங்கிக் கொடுப்பது மகன், அதோடு மல்லுக்கட்டுவது அம்மா.

வயதானவர்கள் தனியாக இருப்பது எவ்வளவு ஆபத்தானது என்பதைத் தமிழ்நாடு அண்மையில் பார்த்தது. 2024 நவம்பரில் திருப்பூர் மாவட்டம் பல்லடம் அருகே சேமலைகவுண்டன்பாளையத்தில், தோட்டத்து வீட்டில் ஒரே குடும்பத்தைச் சேர்ந்த மூன்று பேர் கொலை செய்யப்பட்டார்கள். 2025-ல் ஈரோடு மாவட்டம் சிவகிரி அருகே, தோட்டத்து வீட்டில் தனியாக வசித்த முதிய தம்பதி கொல்லப்பட்டு நகைகள் கொள்ளையடிக்கப்பட்டன. ஓர் அலாரம் இருந்திருந்தால் இதெல்லாம் நடந்திருக்காது என்று யாராலும் சொல்ல முடியாது. ஆனால் இந்தச் செய்திகளைப் படித்துவிட்டு அலாரம் வாங்குகிறவர்கள் உயிருக்குப் பயந்துதான் வாங்குகிறார்கள் என்பதை நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும்.

அமெரிக்காவிலும் இங்கிலாந்திலும் பல வீட்டு அலாரங்கள் ஒரு கண்காணிப்பு மையத்தோடு இணைக்கப்பட்டிருக்கும். இங்கே சாதாரண வீடுகளில் அதெல்லாம் கிடையாது. சைரன் அலறும், சில மாடல்களில் மகனின் செல்போனுக்கு ஒரு அழைப்போ குறுஞ்செய்தியோ போகும். பெங்களூரில் இருக்கிற மகன் ராத்திரி இரண்டு மணிக்கு என்ன செய்வான்? பக்கத்து வீட்டுக்குப் போன் போடுவான். ஆக, எப்படிச் சுற்றி வந்தாலும் கடைசியில் எழுந்து வர வேண்டியவர் பக்கத்து வீட்டுக்காரர்தான். அவருடைய நம்பிக்கைதான் இந்தக் கருவியின் முக்கியமான உதிரிபாகம். அது தேய்ந்து போனால் எந்தக் கடையிலும் மாற்று கிடைக்காது.

பெரிய நாடுகளே இதில் அடிபட்டிருக்கின்றன. காவல்துறைக்கு வரும் திருட்டு அலாரங்களில் 94 முதல் 98 சதவீதம் வரை பொய் என்று 2000-களின் தொடக்கத்தில் அமெரிக்க நீதித்துறை வெளியிட்ட கையேடு ஒன்று சொன்னது. சால்ட் லேக் சிட்டியில் 2000-ம் ஆண்டின் இறுதியில் ஒரு விதி கொண்டுவந்தார்கள். யாராவது நேரில் பார்த்து உறுதி செய்தால் ஒழிய, வெறும் அலாரத்துக்குப் போலீஸ் வராது. போலீஸுக்கே அலுத்துவிட்டது என்றால் எதிர்வீட்டுத் தாத்தாவுக்கு அலுக்காதா?

முதலில் நோட்டு, அப்புறம் ஸ்க்ரூ டிரைவர்

அலாரம் பொய்யாக அடித்தால் நம்மூரில் நடப்பது இதுதான். எலக்ட்ரீஷியன் வருவார், சென்சாரின் உணர்திறனைக் குறைத்து வைப்பார், "இனிமே அடிக்காது சார்" என்பார். அவர் சொல்வது நிஜம்தான். இனிமேல் திருடன் வந்தாலும் அடிக்காது :-)

சரியான வழி ஒரு நோட்டில் ஆரம்பிக்கிறது. அடித்த தேதி, நேரம், எந்த ஜோன், அப்போது கரண்ட் இருந்ததா, மழையா, காற்றா, வீட்டில் யார் இருந்தார்கள் என்பதை எழுதி வைக்க வேண்டும். பல பேனல்களில் கடைசியாக எந்த ஜோன் அடித்தது என்பதைக் காட்டும் நினைவகம் இருக்கும். அதைப் பார்க்காமலே அலாரத்தை அணைத்துவிடுகிறார்கள். நாலைந்து பதிவுகள் சேர்ந்தாலே ஓர் ஒழுங்கு தெரியும். தினமும் காலை ஏழரை மணிக்கு என்றால் வெயில். மழை நாட்களில் மட்டும் என்றால் ஒயர் இணைப்பு அல்லது கதவு. கரண்ட் போய் வரும்போது என்றால் பேட்டரி. எந்த ஒழுங்கும் இல்லாமல் வெவ்வேறு ஜோன்கள் மாறி மாறி அடித்தால் மின்சாரம், எர்த், பேனல் என்று பொதுவான இடத்தில் தேட வேண்டும்.

இன்னொன்று, ஒரு நேரத்தில் ஒரே ஒரு மாற்றம்தான் செய்ய வேண்டும். பேட்டரியையும் மாற்றி, சென்சாரையும் இடம் மாற்றி, ஒயரையும் புதிதாக இழுத்துவிட்டால் எது காரணம் என்று கடைசி வரை தெரியாது. ஆய்வகத்தில் இதைப் படித்தவர்கள் வீட்டுக்கு வந்ததும் மறந்துவிடுகிறார்கள். காரணம் தெரிகிற வரை தொல்லை கொடுக்கிற ஜோனை மட்டும் பைபாஸ் செய்து வைத்தால் போதும், மற்றவை காவல் காக்கட்டும்.

கதவும் ஒயரும்

1853-ல் அமெரிக்காவில் அகஸ்டஸ் போப் என்பவர் மின்சாரத் திருட்டு மணிக்குக் காப்புரிமை வாங்கினார். கதவோ ஜன்னலோ திறந்தால் மின்சுற்று இணைந்து மணி அடிக்கும். இன்றைய அலாரங்கள் பெரும்பாலும் இதற்குத் தலைகீழ். கதவு மூடியிருக்கும்போது சுற்று இணைந்திருக்கும், திறந்தால் துண்டிக்கப்படும். திருடன் ஒயரை அறுத்தாலும் அலாரம் அடிக்க வேண்டும் என்பதற்காகவே இப்படி வைத்தார்கள். இதன் விளைவு என்னவென்றால், இற்றுப்போன ஓர் ஒயர் இணைப்பும் திருடனும் பேனலின் கண்ணுக்கு ஒன்றுதான்.

கதவில் இருப்பது ஒரு ரீட் சுவிட்ச்சும் ஒரு காந்தமும். சாதாரண வகையில் இரண்டுக்கும் நடுவே ஒன்றரை, இரண்டு சென்டிமீட்டருக்கு மேல் இடைவெளி போனால் சுற்று துண்டிக்கப்படும். மரக்கதவு ஐப்பசி, கார்த்திகை மழையில் ஊதும், சித்திரை வெயிலில் சுருங்கும். ஆடிக் காற்றில் தாழ்ப்பாள் தளர்ந்த கதவு தடதடவென்று ஆடும். ஒவ்வொரு ஆட்டத்திலும் காந்தம் ஒரு நூல் விலகும். இதற்கு அலாரம் கம்பெனியைத் திட்டிப் பயனில்லை. தேவை ஒரு தச்சரும் ஒரு நல்ல தாழ்ப்பாளும்தான். இரும்புக் கதவு, கிரில் கேட், ஷட்டர் என்றால் சாதாரண சுவிட்ச்சை ஒட்டவே கூடாது. இரும்பு காந்தப் புலத்தைத் தன் பக்கம் இழுத்துக்கொள்ளும். அதற்கென்று கனமான வகை தனியாக விற்கிறார்கள்.

ஒயர் இணைப்பைக் கையால் முறுக்கி டேப் சுற்றி விடுவது அடுத்த குற்றம். சாரல் அடிக்கும் இடத்தில் ஒரே மழைக்காலத்தில் செம்பு பச்சை பூத்துவிடும். சால்டர் வைத்து, மூடிய பெட்டிக்குள் வைத்தால் வருஷக் கணக்கில் கவலை இல்லை. அதே போல 230 வோல்ட் ஒயர் போகும் பைப்பிலேயே அலாரம் ஒயரையும் நுழைத்துவிடுகிறார்கள். சுவரை இன்னொரு தடவை வெட்ட வேண்டாமே என்ற சோம்பல்தான்! மோட்டார் போடும்போதெல்லாம் அலாரம் அடிக்கிற வீடுகளில் முதலில் இதைத்தான் பார்க்க வேண்டும். பாதுகாப்புக்கும் இது கெடுதல்.

பல்லி, வெயில், நாய்

அறையின் மூலையில் இருக்கும் பி.ஐ.ஆர். சென்சார் உண்மையில் அசைவைப் பார்ப்பதில்லை. அது பார்ப்பது வெப்பத்தில் வரும் திடீர் மாற்றத்தை. மனித உடல் வெளியிடும் அகச்சிவப்புக் கதிர் 9, 10 மைக்ரோமீட்டர் அலைநீளத்தை ஒட்டி உச்சம் பெறும். முன்னால் இருக்கும் வரிவரியான லென்ஸ் அறையைப் பல விசிறிப் பட்டைகளாகப் பிரிக்கும். ஒரு சூடான உருவம் ஒரு பட்டையிலிருந்து இன்னொன்றுக்குத் தாண்டும்போது சென்சார் விழித்துக்கொள்ளும்.

இது புரிந்தால் பாதிப் புதிர் அவிழ்ந்துவிடும். கிழக்கு ஜன்னல் வழியே காலை வெயில் டைல்ஸ் தரையில் விழுந்து, மேகம் வந்து மறைத்து, மறுபடி விழுந்தால் அதுவும் ஒரு வெப்ப மாற்றம். ஃபிரிட்ஜின் பின்பக்கச் சூடு, ஏசியின் காற்று, மின்விசிறியில் ஆடும் திரை எல்லாம் அப்படித்தான். சென்சாரை ஜன்னலுக்கு நேரே வைக்காமல், ஜன்னல் இருக்கும் சுவரிலேயே உள்பக்கம் பார்த்து மாட்டினால் இதில் பாதி தீரும்.

அடுத்து நம்மூர் வில்லன், பல்லி! ஐந்து மீட்டர் தூரத்தில் ஓடுகிற பல்லியை சென்சார் சட்டை செய்யாது. ஆனால் அதே பல்லி லென்ஸின் மேலேயே ஊர்ந்தால் எல்லாப் பட்டைகளையும் ஒருசேர மறைக்கும். பெட்டிக்குள் இருக்கும் சர்க்யூட்டின் கதகதப்புக்குப் பூச்சி வரும், பூச்சிக்குப் பல்லி வரும், சிலந்தி வந்து வலை கட்டும். பல்லி விழும் பலனைப் பஞ்சாங்கத்தில் பார்ப்பதற்கு முன்னால், ஒயர் நுழையும் ஓட்டையை சிலிக்கான் பசையால் அடைத்துவிட்டு, மாதம் ஒரு தடவை லென்ஸைத் துணியால் துடைத்தால் போதும்.

கோடையில் இன்னொரு சிக்கல். அறையின் வெப்பம் 35, 36 டிகிரியைத் தொட்டால் மனிதனின் தோல் சூட்டுக்கும் சுவரின் சூட்டுக்கும் வித்தியாசமே இருக்காது. நிஜத் திருடனே சென்சாரின் கண்ணில் மங்கலாகத்தான் தெரிவான். இதைச் சரிக்கட்ட நல்ல மாடல்கள் வெப்பநிலைக்கு ஏற்ப உணர்திறனைக் கூட்டிக்கொள்ளும். பூட்டிக் கிடக்கும் தகரக் கொட்டகையிலும் ஓட்டு வீட்டிலும் மே மாதம் பொய் அலாரம் கூடினால் அதையும் சந்தேகப்பட வேண்டும். அங்கே அகச்சிவப்பும் மைக்ரோவேவும் சேர்ந்த இரட்டைச் சென்சார் போடலாம். இரண்டும் ஒத்துக்கொண்டால்தான் அடிக்கும். ஆனால் மைக்ரோவேவ் மெல்லிய தடுப்பையும் கண்ணாடியையும் ஊடுருவும் என்பதால், தெருவைப் பார்த்து மாட்டக் கூடாது.

ராஜபாளையம் பக்கம் எழுதிவிட்டு நாயைச் சொல்லாமல் முடியுமா? 2005-ல் இந்திய அஞ்சல் துறை தபால்தலை வெளியிட்ட நான்கு இந்திய இனங்களில் ராஜபாளையமும் ஒன்று. செல்லப் பிராணிகளைக் கண்டுகொள்ளாது என்று விற்கும் சென்சார்களில் பல 15 முதல் 25 கிலோ வரைதான் உத்தரவாதம் தருகின்றன. வளர்ந்த ராஜபாளையம் நாய் இரண்டடிக்கு மேல் உயரம், சோபாவில் ஏறினால் ஆள் உயரத்துக்கு வந்துவிடும். பூனைக்கும் பொமரேனியனுக்கும் செய்த கணக்கு இங்கே செல்லாது. இப்படிப்பட்ட நாய் வீட்டுக்குள் உலவினால் உள்ளே பி.ஐ.ஆர். வேண்டாம், கதவு ஜன்னல் சென்சார்களே போதும்.

பேட்டரியும் ரிமோட்டும்

பேனலுக்குள் பெரும்பாலும் 12 வோல்ட், 7 ஆம்பியர்-மணி பேட்டரி இருக்கும். சராசரியாக மூன்று முதல் ஐந்து வருஷம் உழைக்கும், வெக்கையான அலமாரிக்குள் இருந்தால் அதற்கும் குறைவு. மாட்டிய தேதியை மார்க்கரால் பேட்டரி மேலேயே எழுதி வைப்பது நல்லது. சோதனை சுலபம். பிளக்கைக் கழற்றி அரை மணி நேரம் பேனலை பேட்டரியில் ஓடவிட்டு மீட்டர் வைத்துப் பார்த்தால், 12 வோல்ட்டுக்குக் கீழே சரசரவென்று இறங்கினால் அதன் ஆயுள் முடிந்தது. செத்துக்கொண்டிருக்கிற பேட்டரியோடு கரண்ட் போய் வந்தால் வோல்டேஜ் தள்ளாடும், சென்சார்கள் குழம்பும், அலாரம் அடிக்கும். இன்வெர்ட்டர் மாறும் அந்த ஒரு நொடிகூடச் சில வீடுகளில் போதுமானதாக இருக்கிறது.

ஒயரே இல்லாத மலிவு விலை செட்டுகளின் கதை தனி. 433 மெகாஹெர்ட்ஸில் வேலை செய்யும் பழைய பாணி செட்டுகளில், ஒவ்வொரு சென்சாரும் மாறாத ஒரு எண்ணைத்தான் அனுப்பும். ஒரு பிரபலமான சில்லு வகையில் முகவரிக்கு எட்டுக் கால்கள், ஒவ்வொன்றுக்கும் மூன்று நிலை, ஆக மொத்தம் 6,561 சேர்க்கைகள். கேட்க நிறையத்தான். ஆனால் தொழிற்சாலையிலிருந்து வந்தபடியே எதையும் மாற்றாமல் மாட்டினால், அடுத்த வீட்டிலும் அதே செட் இருக்கும்போது அவர்கள் கதவைத் திறந்தால் இங்கே அடிக்கும். அதைவிட மோசம், அவர்கள் ரிமோட்டை அமுக்கினால் இங்கே அணைந்துவிடும். கோடு மாற்றும் வசதியும், பேட்டரி குறைந்தால் தானே சொல்லும் வசதியும் இல்லாத செட்டை எவ்வளவு தள்ளுபடியில் கொடுத்தாலும் வாங்கக் கூடாது.

மனுஷக் கோளாறு

இவ்வளவு சொன்னாலும், பொய் அலாரங்களுக்குப் பெரிய காரணம் ஆட்கள்தான். சாவியோடு வந்த மாமாவுக்குக் கோடு தெரியாது. வேலைக்கார அம்மாவிடம் யாரும் சொல்லவில்லை. வெளியே போகக் கொடுத்த முப்பது நொடிக்குள் மூட்டு வலியோடு பாட்டியால் வாசலைத் தாண்ட முடியவில்லை. இதற்கெல்லாம் ஸ்க்ரூ டிரைவர் உதவாது. வீட்டிலேயே மெதுவாக நடப்பவரின் நடையைக் கணக்கிட்டுத்தான் அந்த நேரத்தை வைக்க வேண்டும். குறிப்புப் புத்தகம் ஆங்கிலத்தில் இருந்தால், அடித்தால் எதை அமுக்க வேண்டும் என்பதை நாலு வரித் தமிழில் பெரிய எழுத்தில் எழுதி பேனல் கதவின் உள்பக்கம் ஒட்டலாம். கோடு எண்ணை மட்டும் அதில் எழுதிவிடக் கூடாது!

மாட்டுகிறவர்களுக்கும் பொறுப்பு உண்டு. ஒயரின் கடைசி முனையில், சென்சாருக்குள் போட வேண்டிய ரெசிஸ்டரை பேனலுக்குள்ளேயே போட்டு வேலையை முடிக்கிறவர்கள் இருக்கிறார்கள். அப்படிப் போட்டால் வழியில் ஒயரை யாராவது ஷார்ட் செய்தாலும் பேனலுக்குத் தெரியாது. சென்சார் மாட்டியவுடன் வீட்டுக்காரரை ஒவ்வொரு அறையாக நடக்க வைத்துச் சோதித்துக் காட்டுவதும், ஒரு வாரம் கழித்து வந்து பார்ப்பதும் வேலையின் பாகங்கள்தான். அவற்றைச் செய்து முடிக்கிற வரை முழுப் பணத்தையும் கொடுக்காமல் இருப்பது நியாயம்.

"எதற்கு இவ்வளவு பாடு, ஒரு நாய் வளர்த்தால் போதாதா, கேமரா இருக்கிறதே" என்று கேட்பவர்கள் இருக்கிறார்கள். நாயும் பொய்க்குக் குரைக்கும்தான். ஆனால் பூனைக்குக் குரைப்பதற்கும் ஆளுக்குக் குரைப்பதற்கும் உள்ள வித்தியாசம் தெருவுக்கே தெரியும். சைரனுக்கு ஒரே குரல், அதனால்தான் அது பொய் சொல்லவே கூடாது. கேமரா நடந்ததைப் பதிவு செய்யும், அலாரம் நடக்கும்போதே கூப்பிடும். இரண்டும் இருந்தால் அலாரம் அடித்தவுடன் கேமராவைப் பார்த்து நிஜமா பொய்யா என்று மகனால் பெங்களூரிலிருந்தே சொல்ல முடியும். கிட்டத்தட்ட சால்ட் லேக் சிட்டி விதிதான் இதுவும்.

சைரன் தானாக அணைகிற நேரத்தையும் வைக்க வேண்டும். குடியிருப்புப் பகுதியில் இரவு பத்து மணி முதல் காலை ஆறு மணி வரை 45 டெசிபல்தான் எல்லை என்று 2000-ம் ஆண்டின் ஒலி மாசு விதிகள் சொல்கின்றன. நிஜ ஆபத்தில் யாரும் அதைக் கேட்க மாட்டார்கள். பூட்டிய வீட்டில் பல்லிக்காக விடிய விடிய அலறினால் கேட்கத்தான் செய்வார்கள், கேட்கவும் வேண்டும். ஐந்து நிமிடத்தில் எழாத தெரு ஐந்து மணி நேரத்திலும் எழாது.

ஆடிப்பூரத் தேருக்கு ஸ்ரீவில்லிபுத்தூரே ரத வீதிகளில் நிற்கும். எத்தனையோ வீடுகள் பூட்டிக் கிடக்கும். அதற்கு ஒரு வாரம் முன்னால், பகலில், பக்கத்து வீட்டில் சொல்லிவிட்டு அலாரத்தை ஒரு தடவை அடித்துப் பார்க்கலாம். கடைசியாகப் பொய்யாக அடித்தது எதனால், அதை எப்படிச் சரிசெய்தாகிவிட்டது என்பதையும் அப்போதே சொல்லிவிடலாம். "இனிமே அடிச்சா நிஜம்தான் அண்ணாச்சி, எட்டிப் பாருங்க" என்று சொல்ல முடிகிற வீட்டில்தான் அலாரம் வேலை செய்கிறது என்று அர்த்தம்.